டிபிஎஸ் படிவம் நீட்டுவதற்கு முன் சொல்ல வேண்டியவை

பிரிட்டனில் சனி, ஞாயிறு தமிழ்ப் பள்ளிகளில் படிப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். கிழமை முழுக்க வேலை செய்துவிட்டு, சனிக்கிழமை காலையில் தங்கள் பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்து, வாடகைக்கு எடுத்த ஒரு ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடியும் இலக்கணமும் சொல்லிக் கொடுப்பவர்கள். அவர்களிடம் போய், "உங்கள் பெயரில் பொலிஸ் பதிவு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இந்தப் படிவத்தை நிரப்பித் தாருங்கள்" என்று கேட்பது என் பொறுப்பு. அது டிபிஎஸ் (Disclosure and Barring Service) படிவம். பிள்ளைகளோடு வேலை செய்ய வருகிறவர்களின் குற்றப் பதிவைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிற அரசு அமைப்புத்தான் டிபிஎஸ். லண்டனில் ஒரு தமிழ்ப் பள்ளியில் சில வருடங்களாகச் சிறுவர் பாதுகாப்புப் பொறுப்பாளராக இருக்கிறேன்.

இந்த வேலையில் இரண்டு விஷயங்களில் எனக்கு ஐயமே இல்லை. பிள்ளைகளோடு வகுப்பில் இருக்கப்போகிற எவரையும் சோதனை இல்லாமல் உள்ளே விடக்கூடாது. அந்தச் சோதனைக்காக ஒருவர் நம்பித் தரும் விவரம் வேறு யார் கையிலும் சிக்கக்கூடாது. முதலாவதைப் பற்றி எல்லாப் பள்ளிகளிலும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேச்சே குறைவு. ஆனால் படிவத்தைக் கண்டதும் தொண்டர்கள் தயங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாவதால்தான். அந்தத் தயக்கத்தைப் பார்த்து, "மறைக்க ஏதோ இருக்கிறது" என்று முடிவு கட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பெரிய அநியாயம்.

டிபிஎஸ் ஏன் வந்தது என்று முதலில் சொல்லிவிடுவது என் வழக்கம். 2002 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ்ஷயரில் சோஹம் என்ற சிறிய ஊரில் பத்து வயதுச் சிறுமிகள் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் அந்த ஊர்ப் பள்ளியொன்றில் பராமரிப்பாளனாக வேலை பார்த்தவன். அவன் முன்பு வாழ்ந்த ஹம்பர்சைட் பகுதிப் பொலிஸுக்கு அவனைப் பற்றிப் பல முறைப்பாடுகள் போயிருந்தன. அவை தண்டனையில் முடியவில்லை. ஒழுங்காகப் பதிந்து வைக்கப்படவும் இல்லை. அதனால் அவனை வேலைக்கு எடுத்த பள்ளிக்கு ஒன்றுமே தெரியவரவில்லை. சேர் மைக்கல் பிச்சார்ட் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2004இல் வந்தது. அதற்குப் பிறகு சட்டங்கள் மாறி, 2012 டிசம்பரில் ஏற்கெனவே இருந்த இரண்டு அமைப்புகளை ஒன்றாக்கி டிபிஎஸ் தொடங்கப்பட்டது. இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் வேறு அமைப்புகள் உண்டு. இந்தக் கதையைச் சொன்னால் அறையில் இருப்பவர்களின் முகம் மாறும். பிள்ளை பெற்ற எவருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

சோதனையில் பல படிகள் இருக்கின்றன. கிழமைக்கு ஒருமுறை வகுப்பெடுக்கிற ஆசிரியருக்குச் செய்வது மேல்படி, என்ஹான்ஸ்ட் என்பார்கள். அதோடு, பிள்ளைகளோடு வேலை செய்யத் தடை விதிக்கப்பட்டவர்களின் பட்டியலிலும் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தடை விதிக்கப்பட்ட ஒருவர் இப்படியான வேலைக்கு வருவதே குற்றம். தெரிந்துகொண்டு அவரைச் சேர்ப்பதும் குற்றம். தொண்டர்களுக்கு டிபிஎஸ் கட்டணம் இல்லை. ஆனால் வருடத்துக்கு நூறு சோதனைக்குக் குறைவாகச் செய்கிற எங்களைப் போன்ற பள்ளிகள் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. பதிவு பெற்ற ஒரு இடை நிறுவனத்தின் ஊடாகத்தான் போக வேண்டும். அவர்கள் தங்கள் வேலைக்கு ஒரு சிறு தொகை எடுப்பார்கள். அந்தக் காசைப் பள்ளி கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. இலவசமாகப் படிப்பிக்க வருகிறவரிடம் பத்துப் பவுண் கேட்பது சரியில்லை.

சரி, இனித் தயக்கத்துக்கு வருவோம்.

எங்கள் பள்ளியில் ஒரு ரீச்சர் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் ஓய்வு பெறும் வரை படிப்பித்தவர். இங்கே பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்து தங்கிவிட்டார். அவரிடம் படிவத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் ஒழுங்காக அடுக்கிய கடதாசிகளை மேசையில் எடுத்து வைத்தார். கடவுச்சீட்டு, வங்கிக் கடிதம், கவுன்சில் வரிக் கடிதம் எல்லாம் இருந்தன. தேவைப்படும் என்று நினைத்துப் பழைய அடையாள அட்டையையும் கொண்டுவந்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை, இது பொலிஸுக்குப் போகுமோ? ஐஞ்சு வருச விலாசம் ஏன் கேக்கினம்?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எங்கள் ஆட்களுக்கு விளங்கும். போர்க்காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து கொழும்புக்குப் போய்த் தங்கினால் பொலிஸில் பதிய வேண்டும். எதற்கு வந்தாய், எத்தனை நாள் நிற்பாய், யார் வீட்டில் நிற்கிறாய் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பதிவுத் துண்டு கையில் இல்லாமல் வெளியே போக மனம் வராது. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களை இரவோடிரவாக பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். இலங்கை உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. பெயரையும் விலாசத்தையும் பொலிஸுக்குக் கொடுப்பது என்றால் அந்த ரீச்சருக்கு இதெல்லாம்தான் நினைவுக்கு வரும். அதைப் போய், "இங்கே அப்படி இல்லை, பயப்படாதீர்கள்" என்று ஒரு வரியில் தட்டிவிட முடியாது.

நான் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி, ஒவ்வொரு கட்டத்தையும் காட்டினேன். ஐந்து வருட விலாசம் கேட்பது, எந்தெந்தப் பகுதிப் பொலிஸின் பதிவைப் பார்க்க வேண்டும் என்று தீர்மானிக்க. அந்த வீடுகளுக்கு யாரும் போய் விசாரிப்பதில்லை. சான்றிதழ் தபாலில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். 2013இலிருந்து அதன் பிரதி பள்ளிக்கு அனுப்பப்படுவதில்லை. நீங்கள் பிரித்து வாசித்து, சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகு எனக்குக் காட்டுவீர்கள். நான் பார்த்துவிட்டு உங்களிடமே திருப்பித் தருவேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப கடைசியிலை கடதாசி என்ரை கையிலைதானே இருக்கும்?" என்றார். ஓம் என்றேன். உடனே நிரப்பத் தொடங்கினார்.

அன்றிலிருந்து புதிதாக வருகிற எல்லோருக்கும் படிவத்துக்கு முன்பு ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிய விளக்கம் கொடுக்கிறோம். என்ன கேட்கப்படும், யார் பார்ப்பார்கள், எங்கே வைக்கப்படும், எப்போது அழிக்கப்படும் என்று அதில் இருக்கும். கீழே என் தொலைபேசி எண். தலைமையாசிரியர் முதல் தேநீர் ஊற்றுகிற அக்கா வரை எல்லோருக்கும் அதே தாள்தான். வகுப்புக்குள் போகிறவர் யாராக இருந்தாலும் சோதனை உண்டு. ஒருவருக்கு வயது, இன்னொருவருக்குப் பதவி, மற்றவருக்குக் கோயிலில் மரியாதை என்று விலக்கு கொடுக்கத் தொடங்கினால், மிச்சம் இருப்பவர்கள் தங்களைத்தான் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைப்பார்கள். அது நியாயமும்கூட.

படிவத்தில் நேரம் போவது பெயரில்தான். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஒரு ஆவணத்தில் தகப்பன் பெயர் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால். கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்திருக்கும். சிவகுமார் என்ற பெயரை இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் 'டபிள்யூ' போட்டு எழுதியிருப்பார்கள், இங்கே கடவுச்சீட்டில் 'வி' இருக்கும். டிபிஎஸ் இதுவரை பயன்படுத்திய எல்லாப் பெயர்களையும் கேட்கிறது. விட்டுவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரலாம், அல்லது பிறகு "ஏன் மறைத்தீர்கள்" என்ற கேள்வி எழலாம். அதனால் எல்லா எழுத்து வேறுபாட்டையும் போடச் சொல்கிறேன்.

ஆனால் பெயரும் பிறந்த திகதியும் மாறியிருப்பதற்குச் சிலருக்கு வேறு காரணங்கள் இருக்கும். ஆட்களைக் கள்ளமாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் கொடுத்த பாஸ்போர்ட்டில் வந்து இறங்கியவர்கள், அந்தப் பெயரிலேயே முதல் சில மாதங்கள் பதியப்பட்டவர்கள் எங்கள் சமூகத்தில் அபூர்வம் இல்லை. அதைப் பள்ளி மண்டபத்தில், மற்றவர்கள் காதில் விழக் கேட்டு எழுதக்கூடாது. காரணம் கேட்பது என் வேலையும் இல்லை. படிவம் இணையத்தில் இருக்கிறது. தங்கள் வீட்டிலிருந்து தாங்களே நிரப்பலாம். நான் பார்க்க வேண்டியது அடையாள ஆவணங்களை மட்டும். சிக்கலாக இருந்தால் முதலில் தங்கள் வழக்கறிஞரோடு கதைத்துவிட்டு வரச் சொல்கிறேன். பால் அடையாளத்தை மாற்றிக்கொண்டவர்கள் பழைய பெயர் சான்றிதழில் வெளியே தெரியாமல் விண்ணப்பிக்க டிபிஎஸ்ஸிலேயே தனிப் பிரிவு இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. எங்கள் விளக்கத் தாளில் அதையும் ஒரு வரியாகப் போட்டிருக்கிறோம். யாருக்குத் தேவை என்று நாங்கள் கேட்க வேண்டியதில்லை, தேவைப்படுகிறவர் வாசித்துக்கொள்வார்.

இனி, சான்றிதழில் உண்மையாகவே ஏதாவது எழுதி வந்தால்? இது நடந்தது. அவருடைய சம்மதத்தோடு, ஆள் யார் என்று தெரியாதபடி சொல்கிறேன்.

மிருதங்கம் சொல்லித்தர முன்வந்த ஒரு அண்ணை. படிவம் கொடுத்த பிறகு இரண்டு கிழமையாக என் அழைப்பை எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் தானே எடுத்து, "தங்கச்சி, நான் வரேல்லை, வேறை ஆளைப் பாருங்கோ" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. "வருவதும் வராததும் உங்கள் விருப்பம். ஆனால் சான்றிதழில் ஏதும் வந்துவிடும் என்று யோசித்தால், எது வரும், எது வராது என்று நான் சொல்கிறேன், கேட்டுவிட்டு முடிவு எடுங்கள்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார். பல வருடங்களுக்கு முன்பு கனடாவுக்குப் போகிற வழியில், ஹீத்ரோவில் போலிக் கடவுச்சீட்டோடு பிடிபட்டுச் சில மாதங்கள் சிறையில் இருந்தவர். அதற்குப் பிறகு தஞ்சம் கிடைத்து, குடும்பம், வேலை, வீடு என்று எல்லாம் ஆகிவிட்டது. பிள்ளைகளுக்குக்கூட இது தெரியாது.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்றால், பழைய சிறிய விஷயங்கள் எல்லாம் சான்றிதழில் வருவதில்லை. வடிகட்டும் விதிகள் 2013இல் வந்தன. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2020 நவம்பரில் அவற்றை இன்னும் தளர்த்தினார்கள். பதினெட்டு வயதுக்கு முன்பு பெற்ற பொலிஸ் எச்சரிக்கைகள் இப்போது தானாக வெளிவருவதில்லை. வளர்ந்தவர்களின் தண்டனை பதினொரு வருடம் கடந்திருந்து, சிறைத் தண்டனையாக இல்லாமல், பாரதூரமான குற்றங்களின் பட்டியலிலும் இல்லாமல் இருந்தால் வராது. அப்படி வடிகட்டப்பட்டவற்றைப் பள்ளி வாய்மொழியாகக்கூடக் கேட்கக்கூடாது, தொண்டரும் சொல்ல வேண்டியதில்லை. "உங்களுக்கு எப்போதாவது பொலிஸ் பிரச்சினை வந்ததா?" என்று பொதுவாக ஒரு கேள்வியை விண்ணப்பத்தில் அச்சடித்து வைத்திருக்கிற பள்ளிகள் அதை எடுத்துவிட வேண்டும். ஆனால் அண்ணையுடையது சிறைத் தண்டனை. அது எத்தனை வருடம் ஆனாலும் என்ஹான்ஸ்ட் சான்றிதழில் வரும். அதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

கூடவே இன்னொன்றும் சொன்னேன். சான்றிதழில் ஒரு வரி இருப்பதால் மட்டும் ஒருவர் வேண்டாம் என்று ஆகிவிடாது. அந்தக் குற்றத்துக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் தொடர்பு இருக்கிறதா, எப்போது நடந்தது, எந்தச் சூழலில் நடந்தது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். உயிருக்குப் பயந்து ஓடி வந்தவர் கையில் கிடைத்த கடவுச்சீட்டில் ஏறியதற்கும் ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தாளம் சொல்லிக் கொடுப்பதற்கும் என்ன தொடர்பு?

அவர் அதற்குப் பிறகு கேட்டதுதான் முக்கியம். "கமிட்டியிலை ஆர் ஆர் பாப்பினம்?"

எங்கள் சமூகத்தில் தனியுரிமை என்றால் அதுதான். அரசாங்கத்துக்கு இது ஏற்கெனவே தெரியும். அண்ணை பயந்தது ஊர்க்கதைக்கு. நிர்வாகக் குழுவில் ஒருவர் அவர் மச்சானோடு வேலை செய்கிறார், இன்னொருவர் அவர் மகளின் நடன அரங்கேற்றத்துக்கு வந்தவர். இங்கே ஒரு விஷயம் மூன்று பேருக்குத் தெரிந்தால் அடுத்த கலியாண வீட்டில் முந்நூறு பேருக்குத் தெரியும்.

எங்கள் பள்ளியின் விதி இது: சான்றிதழைப் பார்ப்பது நான் ஒருத்திதான். ஏதாவது எழுதியிருந்தால், என்னோடு இன்னும் ஒரு அறங்காவலர் மட்டும் அதைப் பார்ப்பார். அந்த அறங்காவலர் உறவினராகவோ நெருங்கிய நண்பராகவோ இருந்தால் வேறொருவரைத் தொண்டரே தேர்ந்தெடுக்கலாம். குழுவுக்குப் போவது "சோதனை முடிந்தது, நியமிக்கலாம்" என்ற ஒரு வரி. ஏன், என்ன என்று கேட்க எவருக்கும் உரிமை இல்லை. சான்றிதழில் உள்ளதை உரியவர் அல்லாத ஒருவருக்குச் சொல்வது 1997ஆம் ஆண்டுப் பொலிஸ் சட்டப்படி குற்றம் என்பதைக் குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு வருடமும் வாசிக்கிறேன். முதல் தடவை வாசித்தபோது சிலருக்குப் பிடிக்கவில்லை. "நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி, எங்களுக்குள் என்ன மறைவு?" என்றார் ஒருவர். குடும்பம் மாதிரி என்பதால்தான் இந்த விதி வேண்டும் என்று சொன்னேன்.

அண்ணை இப்போது சனிக்கிழமைகளில் மிருதங்கம் சொல்லிக் கொடுக்கிறார்.

பிற நாட்டுப் பதிவுகள் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிபிஎஸ் பார்ப்பது இந்த நாட்டுப் பொலிஸ் பதிவுகளைத்தான். அண்மையில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் சான்றிதழ் வெறுமையாக இருந்தால் அது பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. அதனால் சில இடங்களில், பிறந்த நாட்டுப் பொலிஸிடமிருந்தும் சான்றிதழ் வாங்கி வரச் சொல்கிறார்கள். படிக்க வந்தவர், வேலை விசாவில் வந்தவர் என்றால் இதில் பிரச்சினை இல்லை. சென்னையிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வந்தவர்கள் முறைப்படி எடுத்துத் தந்திருக்கிறார்கள்.

இலங்கையிலிருந்து தஞ்சம் கோரி வந்தவரிடம் இதைக் கேட்கவே கூடாது. இலங்கைப் பொலிஸ் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால், எந்த அரசிடமிருந்து தப்பி வந்தாரோ அதே அரசின் பொலிஸுக்குத் தன் இப்போதைய விலாசத்தைக் கொடுக்க வேண்டும். ஊரில் இருந்த விலாசங்களையும் கொடுக்க வேண்டும். அங்கே இன்னும் அம்மாவோ தம்பியோ இருக்கலாம். தஞ்ச வழக்கு முடியாமல் இருந்தால் வழக்குக்கே அது பாதகமாகலாம். ஒரு பள்ளியில் விவரம் தெரியாமல் இதைக் கேட்டு, ஒரு இளைஞர் தொண்டு செய்ய வந்ததையே விட்டுவிட்டுப் போனார் என்று அவரே என்னிடம் சொன்னார். நாங்கள் இப்படியானவர்களுக்குச் செய்வது: அவரை இங்கே அறிந்த இரண்டு பேரின் எழுத்து மூலப் பரிந்துரை, அதில் ஒருவராவது எங்கள் சமூகத்துக்கு வெளியே இருப்பவராக, ஆங்கில வகுப்பு ஆசிரியர் மாதிரி. பரிந்துரைத்தவர்களோடு நானே தொலைபேசியில் கதைப்பேன். முதல் இரண்டு தவணைக்கு அனுபவமுள்ள ஆசிரியரோடு சேர்ந்துதான் வகுப்பில் நிற்பார். இதில் கிடைக்கும் தகவல், ஒரு நாட்டுப் பொலிஸ் முத்திரையில் கிடைப்பதை விடக் கூடுதலாகவே இருக்கும்.

அடுத்தது, கடதாசிகள். என்னைக் கேட்டால் தமிழ்ப் பள்ளிகளில் மிகப் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

உதவி கேட்டு அழைத்த ஒரு பள்ளிக்குப் போனேன். மண்டபத்தின் பக்கத்து அறையில் அலுமாரி. அதற்குள் பரிசுக் கேடயங்கள், சரஸ்வதி பூசைக்கு வாங்கி மிஞ்சிய சாம்பிராணி, அதற்குக் கீழே ஒரு கனத்த பைல். திறந்தால் பத்து வருடத்துக்கு மேற்பட்ட தொண்டர்களின் டிபிஎஸ் சான்றிதழ், கடவுச்சீட்டு, வங்கிக் கடிதம் எல்லாவற்றின் போட்டோப் பிரதிகளும் இருந்தன. விலகிப் போனவர்கள், இறந்துபோன ஒருவருடையதுகூட. அலுமாரிச் சாவி கொளுவியிலேயே தொங்கியது. யாரும் கெட்ட எண்ணத்தோடு வைக்கவில்லை. "கவுன்சிலிலிருந்து வந்து கேட்டால் காட்ட வேண்டுமே" என்றுதான் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

காட்ட வேண்டியது சான்றிதழின் பிரதி அல்ல. பெயர், சான்றிதழ் வழங்கப்பட்ட திகதி, அதன் இலக்கம், எந்தப் படியிலான சோதனை, எந்தப் பொறுப்புக்கு, யார் எப்போது பார்த்தார், முடிவு என்ன, இவ்வளவையும் ஒரு பதிவேட்டில் எழுதினால் போதும். முடிவெடுக்கும் காலத்துக்கு ஒரு பிரதி தேவைப்பட்டால் பூட்டி வைக்கலாம், ஆனால் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்று டிபிஎஸ்ஸின் நடைமுறைக் கோவையே சொல்கிறது. குற்றப் பதிவு பற்றிய விவரத்துக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தனியான கூடுதல் காவல் உண்டு. அந்த பைலில் இருந்தவற்றைப் பிரித்து, அன்றே அரைக்கும் இயந்திரத்தில் போட்டு முடித்தோம். கணினியில் வைத்திருந்த ஸ்கான்கள், ஈமெயில் இணைப்புகள் எல்லாவற்றையும் தேடி அழிக்க இன்னும் நாள் எடுத்தது.

வாட்ஸ்அப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "அக்கா, சான்றிதழ் வந்திட்டுது" என்று போட்டோ எடுத்து ஆசிரியர் குழுவிலேயே போட்டுவிடுகிறார்கள். நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் அதில் பிறந்த திகதி, விலாசம், சான்றிதழ் இலக்கம் எல்லாம் இருக்கும். உடனே அழிக்கச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் போனில் தரவிறங்கியிருந்தால் அவர்களிடமும் கேட்க வேண்டும். இன்னொரு பள்ளியில் "இன்னும் டிபிஎஸ் வராதவர்கள்" என்று பெயர்ப் பட்டியலைக் குழுவில் போட்டார்கள். ஒரு ஆசிரியைக்கு விலாசத்தில் ஏதோ சிக்கலால் தாமதம். இரண்டே நாளில் அவரைப் பற்றி வேறு கதை கட்டிவிட்டார்கள். சான்றிதழ் சுத்தமாக வந்தது, ஆனால் அவர் அதற்குள் போய்விட்டார். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அவரைப் போலக் கதை சொல்ல இன்றைக்கும் அங்கே ஆள் இல்லை என்று அந்தப் பள்ளிப் பெற்றோர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நினைவூட்டுவதாக இருந்தால் தனியாக அழைத்துக் கதைக்க வேண்டும். இப்படி விவரம் வெளியே போய் ஒருவருக்குப் பாதிப்பு வரக்கூடும் என்றால், 72 மணி நேரத்துக்குள் தகவல் ஆணையாளர் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டிய கடமையும் பள்ளிக்கு இருக்கிறது.

கடதாசி சுற்றுவதைக் குறைக்க ஒரு நல்ல வழி டிபிஎஸ்ஸின் அப்டேட் சேர்விஸ். தொண்டர்களுக்கு இலவசம். சான்றிதழ் வழங்கப்பட்ட 30 நாளுக்குள் இணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும், அதைத் தவறவிட்டால் மறுபடி புதிய சோதனைதான். பதிந்துவிட்டால், அவருடைய சம்மதத்தோடு, புதிதாக ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று நாங்கள் வருடாவருடம் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். கோயில் வகுப்பு, கிரிக்கெட் கழகம், தமிழ்ப் பள்ளி என்று மூன்று இடத்தில் உதவுகிறவர் மூன்று தடவை படிவம் நிரப்ப வேண்டியதில்லை. முதல் சான்றிதழைக் காட்டினால் போதும். சான்றிதழ் கடிதம் வந்த அன்றே நான் ஒரு அழைப்பு எடுத்து, "இப்போதே பதிந்துவிடுங்கள்" என்று சொல்லி, முடியும் வரை தொலைபேசியில் கூடவே இருக்கிறேன். வயதானவர்களுக்கு இது பெரிய உதவி.

இவ்வளவும் செய்த பிறகும், சான்றிதழ் என்பது அது அச்சடிக்கப்பட்ட நாள் வரை பொலிஸுக்குத் தெரிந்தது மட்டும்தான். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறவர்கள் எல்லோரும் பிடிபட்டவர்கள் இல்லை. சுத்தமான சான்றிதழைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிற பள்ளி, சோதனையே செய்யாத பள்ளியை விடப் பெரிதாகப் பாதுகாப்பானது இல்லை. எங்கள் வகுப்புக் கதவுகளில் கண்ணாடி இருக்கிறது, அதில் சித்திரம் ஒட்டி மறைக்க விடுவதில்லை. ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியே பூட்டிய அறையில் இருக்கக்கூடாது. மாணவர்களோடு தனிப்பட்ட வாட்ஸ்அப் கூடாது, பெற்றோர் சேர்ந்த குழு மட்டும். மழை என்றாலும் ஆசிரியர் தன் காரில் பிள்ளையைத் தனியே ஏற்றிப் போகக்கூடாது. பிள்ளை ஏதும் சொன்னால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று என் படத்தோடு ஒவ்வொரு வகுப்பிலும் ஒட்டியிருக்கிறது. ஒரு ஆசிரியர் மீது முறைப்பாடு வந்தால் அதை நிர்வாகக் குழுவுக்குள் பேசித் தீர்க்காமல், கவுன்சிலில் இதற்கென்றே இருக்கும் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். "பள்ளியின் பெயர் கெட்டுவிடும்" என்ற பேச்சுக்கு இங்கே இடமே கொடுக்கக்கூடாது. தொண்டரின் தனியுரிமை என்பது அவருடைய பழைய கதைகளுக்கு. பிள்ளை ஒன்று சொன்ன பிறகு அதை அடக்கி வைப்பதற்கு அந்தப் பெயரைப் பயன்படுத்த யாருக்கும் அனுமதி இல்லை.

விளையாட்டுப் போட்டி அன்று கயிறு பிடிக்கவும் தண்ணீர் கொடுக்கவும் வருகிற பெற்றோருக்குப் படிவம் தேவையில்லை. ஒரு நாள் வேலைக்கு மேல்படிச் சோதனை கேட்க எங்களுக்கு உரிமையும் இல்லை. சோதித்த ஒருவர் கண் பார்வையில் அவர்கள் நின்றால் போதும். தேவைக்கு மேல் கேட்பதும் தவறுதான் என்பதைப் பல பள்ளிகள் யோசிப்பதில்லை.

பழைய மாணவர்கள், தொண்டு வேலையும் செய்து காட்ட வேண்டிய எடின்பரோ கோமகன் இளைஞர் விருதுக்காகவும் ஆசையாலும் உதவி ஆசிரியராக வருகிறார்கள். பதினாறு வயதுக்குக் கீழே டிபிஎஸ் செய்ய முடியாது. அவர்களும் சட்டப்படி பிள்ளைகள்தான், அவர்களையும் நாங்கள்தான் பாதுகாக்க வேண்டும். அதனால் அவர்கள் எப்போதும் ஒரு ஆசிரியரோடுதான் நிற்பார்கள். பதினாறு முடிந்தவுடன் அவர்களுக்கும் அதே விளக்கத் தாள், அதே படிவம். செப்டெம்பரில் தவணை தொடங்குவதால் இதையெல்லாம் ஜூனிலேயே தொடங்கிவிடுகிறோம். சில விண்ணப்பங்கள் சில நாளில் வரும், சில மாதக்கணக்கில் இழுக்கும். ஓகஸ்டில் படிவம் கொடுத்துவிட்டு, வகுப்புக்கு ஆள் இல்லை என்று சோதனை முடியாதவரை உள்ளே விடுகிற நெருக்கடி அப்போது வராது.